தாத்தா நாடாவும் ஐந்தாண்டுக் கணக்கும்

கணினித் தரவுக்குக் காப்புப் படி எடுப்பதில் நெடுங்காலமாகச் செல்வாக்கோடு இருக்கும் அட்டவணைக்குத் 'தாத்தா–அப்பா–மகன்' என்று பெயர். திங்கள் முதல் வியாழன் வரை இரவுக்கு ஒரு நாடா, அவை மகன்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒன்று, அது அப்பா. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை எடுப்பது தாத்தா. மகன் நாடாவில் அடுத்த வாரமே மறுபடி எழுதுவார்கள். அப்பாவில் அடுத்த மாதம். தாத்தாவில் அடுத்த ஆண்டு. காந்த நாடாக்களின் காலத்தில் பிறந்த இந்த முறை, நாடாவே இல்லாத இடங்களிலும் இன்று வாழ்கிறது. சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய இரண்டு ஹார்டு டிஸ்குகளை மாற்றி மாற்றிச் செருகும் சிராங்கூன் சாலைக் கடைக்காரரும், கிளவுட் மென்பொருளில் 'தினசரி 7, வாரம் 4, மாதம் 12' என்று எண்களைத் தட்டும் நிறுவனமும் இந்தக் குடும்பத்தின் வாரிசுகள்தாம். வங்கிகள், ஒலிபரப்பு நிலையங்கள், பல்கலைக்கழகங்கள் போன்ற பெரிய இடங்களில் நாடாவே இன்னும் சுழல்கிறது.

இந்த அட்டவணை ஒரே தாளில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுகிறது. ஒரு நாடாவை எப்போது மறுபடி பயன்படுத்தலாம் என்பது முதல் கேள்வி, அது சுழற்சி. நாடாவில் உள்ள தகவலை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும், எப்போது அழித்தாக வேண்டும் என்பது இரண்டாவது; அது தக்கவைப்பு. முதல் கேள்விக்கு அது தரும் விடை மிக நல்லது. இரண்டாவதற்குத் தரும் விடை தவறானது. 'இத்தனை ஆண்டு வை' என்று ஒரு சட்டமும் 'தேவை முடிந்தபின் வைக்காதே' என்று இன்னொரு சட்டமும் சொல்லும் சிங்கப்பூரில் இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு.

இருபது நாடாவில் ஓராண்டு

வாரத்தில் ஐந்து நாள் இயங்கும் ஓர் அலுவலகம், ஒவ்வொரு இரவின் படியையும் ஓராண்டு வைத்திருக்க நினைத்தால் ஏறக்குறைய 260 நாடா வேண்டும். தாத்தா–அப்பா–மகன் முறைக்கு மகன் 4, அப்பா 4, தாத்தா 12 என 20 போதும். சென்ற வாரத்தை நாள்கணக்கிலும், சென்ற மாதத்தை வாரக்கணக்கிலும், சென்ற ஆண்டை மாதக்கணக்கிலும் அது நினைவில் வைத்திருக்கிறது. தவறுதலாக அழித்த விலைப்பட்டியலை மறுநாள் காலையிலேயே தேடுவோம். எட்டு மாதம் கழித்துத் தேடுவது அரிது. தேவை அடர்த்தியாக இருக்கும் இடத்தில் நினைவும் அடர்த்தியாக இருக்கிறது. இந்தப் பங்கீடுதான் முறையின் அறிவு.

அதன் அடுத்த பலம், அதை மனிதர்களால் நடத்த முடியும் என்பது. இதைப் போட்டியாளரோடு ஒப்பிட்டால் புரியும். 1883இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா வெளியிட்ட 'ஹனோய் கோபுரம்' என்ற புதிரின் ஒழுங்கைப் பின்பற்றும் சுழற்சி ஒன்று உண்டு. முதல் நாடா இரண்டு நாளுக்கு ஒருமுறை, அடுத்தது நான்கு நாளுக்கு, அதற்கடுத்தது எட்டு நாளுக்கு என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போகும். ஐந்து நாடா இருந்தால் கடைசி இரண்டின் முறையும் 16 நாளுக்கு ஒருமுறை வரும். நாடா ஒன்றைக் கூட்டினால் எட்டும் தூரம் இரு மடங்காகும். சிக்கனத்தில் தாத்தா முறையை இது வென்றுவிடுகிறது. ஆனால் இன்று பன்னிரண்டாவது நாள், செருக வேண்டியது எந்த நாடா என்று கேட்டால் அட்டவணையைப் பாராமல் யாராலும் சொல்ல முடியாது. சிறிய மருந்தகத்தில் நாடா மாற்றுபவர் கல்லாவில் இருப்பவர். அவருக்கு 'செவ்வாய்' என்று எழுதி ஒட்டிய பெட்டி போதும். தானியங்கி இயந்திரம் உள்ள இடத்துக்கு ஹனோய் பொருந்தும். மனிதக் கை மாற்றும் இடத்துக்குத் தாத்தாவே பொருத்தம்.

இனி ஓட்டைகளுக்கு வருவோம். மாதத்தின் முதல் திங்களன்று உருவாக்கி, மூன்றாம் புதனன்று யாரோ அழித்துவிட்ட ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது அந்த மாதத்தின் முதல் இரண்டு வார நாடாக்களில் இருக்கும். மாதக்கடைசி நாடாவில் இருக்காது. அடுத்த மாதம் அந்த இரண்டு வார நாடாக்களிலும் மறுபடி எழுதியதும் கோப்பு இருந்ததற்கான தடயமே போய்விடும். அலமாரியில் ஓராண்டு நாடாக்கள் இருக்கின்றன என்று உரிமையாளர் நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் அவரிடம் இருப்பவை அந்த ஆண்டின் பன்னிரண்டு கணங்கள். வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகும் விற்பனைப் பதிவுகளுக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. நகைக்கடையின் கையிருப்பு, மாற்றி மாற்றி எழுதப்படும் விலை, திருத்தப்பட்ட ஒப்பந்த வரைவு போன்று பழையதன்மேல் புதியது ஏறும் தகவல்களுக்கு இது பெரிய ஓட்டை. ஒரு சம்பளச் சூத்திரம் இரண்டு மாதமாகத் தப்பாகக் கணக்கிட்டு வந்தால், அது எந்த நாளில் கெட்டது என்பதை எந்த நாடாவும் சொல்லாது.

தேய்மானத்திலும் ஒரு கோணல் இருக்கிறது. மகன் நாடா ஆண்டுக்கு ஐம்பது முறைக்கு மேல் எழுதப்படுகிறது. தாத்தா ஒரே ஒரு முறை. அடிக்கடி தேவைப்படுவதுதான் அதிகமாகத் தேய்கிறது. பல அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை முழுப் படியும் மற்ற நாள்களில் அன்றன்று மாறியவை மட்டும் கொண்ட படியும் எடுப்பார்கள். வியாழக்கிழமை நிலைக்குத் திரும்ப, முழுப் படியோடு நான்கு மகன்களும் வரிசையாக வேண்டும். நடுவில் செவ்வாய் நாடா படிக்காவிட்டால் புதனும் வியாழனும் பயனற்றவை. கடைசி முழுப் படிக்குப் பின் மாறிய எல்லாவற்றையும் ஒவ்வோர் இரவும் சேர்த்து எடுத்தால் இரண்டு நாடா போதும். இரவில் சற்றுக் கூடுதல் நேரமாகும். சிறிய நிறுவனம் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அலமாரியின் பலம்

நாடாவுக்கு மறுவாழ்வு தந்தது பிணைத்தொகை கேட்கும் நச்சுநிரல். சிங்கப்பூரில் இத்தகைய தாக்குதல்களாக அதிகாரிகளிடம் தெரிவிக்கப்பட்டவை 2020இல் 89, 2021இல் 137, 2022இல் 132. உள்ளே நுழைபவர்கள் முதலில் தேடுவது காப்புப் படிகளைத்தான். அவற்றை அழித்தபிறகே மற்றவற்றைப் பூட்டுகிறார்கள். சர்வரோடு எப்போதும் இணைந்திருக்கும் ஹார்டு டிஸ்க் அவர்கள் கைக்கு எட்டும். அலமாரியில் கிடக்கும் நாடா எட்டாது. பல வாரம் பதுங்கியிருந்துவிட்டுத் தாக்குவதும் உண்டு. அப்போது மகன் நாடாக்கள் அனைத்தும் கெட்டிருக்க, அப்பாவோ தாத்தாவோதான் கைகொடுப்பார். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல் பெட்டிகள் காலியாயின. பல தரவு மையங்களில் கூகுள் வைத்திருந்த படிகளுக்கும் அந்தப் பிழை பரவியது; பரவாமல் இருந்தது நாடா மட்டும். அதிலிருந்துதான் அஞ்சல்கள் மீண்டன.

இணைந்திருக்கும் படியும் தனித்திருக்கும் படியும் ஒன்றல்ல என்பதை 2024 ஆகஸ்டில் சிங்கப்பூர் மாணவர்கள் நேரில் கண்டார்கள். பள்ளிகளின் கையடக்கக் கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்பட்ட 'மொபைல் கார்டியன்' செயலிக்குள் யாரோ ஊடுருவ, 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் கருவிகள் துடைக்கப்பட்டன. குறிப்புகளை வேறெங்கும் வைத்திராதவர்களுக்குத்தான் இழப்பு. நிர்வகிக்கும் அதிகாரமும் அழிக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கை எட்டாத இடத்தில் இன்னொரு படி வேண்டும்.

ஒரே கட்டடத்தை நம்புவதன் விளைவும் பக்கத்திலேயே தெரிந்தது. 2024 செப்டம்பர் 10ஆம் தேதி லோயாங்கில் உள்ள தரவு மையம் ஒன்றில் லித்தியம் மின்கலங்கள் தீப்பிடித்ததில், அங்கிருந்து இயங்கிய அலிபாபா கிளவுட் சேவைகள் பாதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு இதே செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் எரிந்தபோது, அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 858 டெராபைட் சேமிப்பு மீட்க வழியின்றிப் போனது. அளவு பெரிதாக இருந்ததால் வெளியிடத்தில் படி வைக்கவில்லை என்பது அதிகாரிகள் தந்த விளக்கம். 2021இல் வந்த எல்.டி.ஓ-9 நாடா ஒன்றில், சுருக்காமலே 18 டெராபைட் அடங்கும். அந்த 858 டெராபைட்டுக்கு ஐம்பதுக்கும் குறைவான நாடா போதும். ஓர் அலமாரித் தட்டில் அடுக்கிவிடலாம். மின்சாரமும் வேண்டாம். 2020இல் நாட்டின் மொத்த மின் பயன்பாட்டில் 7 விழுக்காடு தரவு மையங்களுக்குப் போன சிங்கப்பூரில் இது சிறிய வாதமில்லை.

இந்தப் பலத்துக்கு இரண்டு வரம்புகள் உண்டு. நாடாக்கள் தானியங்கி இயந்திரத்துக்குள்ளேயே வரிசையாக இருந்தால், பேக்கப் மென்பொருளைக் கைப்பற்றியவர் அவற்றின்மேல் எழுதச் சொல்லலாம். நாடா பெட்டியை விட்டு வெளியே வந்தால்தான் அலமாரியின் பாதுகாப்பு அதற்குக் கிடைக்கும். மற்றொன்று வேகம். எல்.டி.ஓ-9 வினாடிக்கு 400 மெகாபைட் படிக்கும். முழு நாடாவைப் படித்து முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம். சிங்கப்பூர் நாணய ஆணையமோ, வங்கியின் முக்கிய அமைப்பு எதுவும் நான்கு மணி நேரத்துக்குள் மீள வேண்டும் என்கிறது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி ஒரு தரவு மையத்தின் குளிரூட்டும் அமைப்பு பழுதானதில் டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சுமார் 25 லட்சம் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. தரவு பத்திரமாகவே இருந்தது. நாடா எத்தனை இருந்தாலும் அன்று பயனில்லை. நாடா கடைசி அரண். முதல் அரணின் வேலையை அதனிடம் கேட்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமையை அறியாத அட்டவணை

அச்சிட்ட அட்டவணைகள் பெரும்பாலும் திங்களில் தொடங்கி வெள்ளிக்கிழமையில் முடியும் அலுவலக வாரத்துக்காக வரையப்பட்டவை. லிட்டில் இந்தியாவின் வாரம் வேறு. வெளிநாட்டு ஊழியர்களுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே உச்சம். பணம் அனுப்பும் கடைகளிலும், கைப்பேசிக் கடைகளிலும், மளிகையிலும் வாரத்தின் பெரும் வரவு அன்று பதிவாகிறது. வெள்ளிக்கிழமை இரவு முழுப் படி எடுத்துவிட்டுத் திங்கள் இரவு மறுபடி தொடங்கும் கடையில், ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு முழுவதும் திங்கள் இரவு வரை எந்தப் படியும் இல்லாமல் நிற்கிறது. ஆண்டு முழுவதும் மிக விலையுயர்ந்த நாளை மிகக் குறைந்த பாதுகாப்பில் விட்டுவைக்கும் ஏற்பாடு இது.

மாதத்திலும் இதே பிழை. வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தர வேண்டும். ஆகவே ஊருக்குப் பணம் போகும் நெரிசல் மாதத் தொடக்க நாள்களில். மாதக் கடைசியில் எடுக்கும் தாத்தா நாடா இந்தத் தொழிலின் அமைதியான நாளைப் படம் பிடிக்கிறது. கணக்காளருக்கு மாதக் கடைசி வசதி. தொழிலின் ஆபத்தோ வேறு தேதியில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நகைக்கடைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் வேறொரு உச்சம். அந்த வாரங்களில் படி எடுக்கும் இடைவெளியைக் குறைப்பதும், சீனப் புத்தாண்டு விடுமுறையில் நாடா மாற்றுபவர் யார் என்று எழுதி வைப்பதும் நாடா வாங்குவதற்கு ஈடான முக்கியத்துவம் உள்ளவை.

எத்தனை நாள் வேலையை இழக்கத் தாங்குவோம், எத்தனை மணி நேரம் கடையை மூடி வைக்கத் தாங்குவோம் என்ற இரண்டு விடைகளையும் முதலில் எழுதிக்கொண்டு, அதன்பிறகு நாடாக்களை எண்ண வேண்டும். நடைமுறையில் வாங்கிய நாடாக்களின் எண்ணிக்கையே அட்டவணையைத் தீர்மானிக்கிறது.

ஈரமும் தூரமும்

மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3–2–1 விதி சிங்கப்பூரிலும் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. வெளியிடம் எது என்பதில்தான் சிக்கல். கிழக்கு மேற்காக ஐம்பது கிலோமீட்டர் அளவே உள்ள தீவில் தூரம் என்பது ஓரளவுக்குத்தான் கிடைக்கும். நிலநடுக்க அச்சம் இங்கே இல்லை. தீ, வெள்ளம், மின்தடை உண்டு. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலையின் கீழ்த்தளக் கடைகளில் வெள்ளம் புகுந்தது. சிராங்கூன் சாலையிலிருந்து வேறு வட்டாரத்துக்குக் கொண்டுபோனாலே இத்தகைய ஆபத்துகளில் பெரும்பாலானவை விலகிவிடும். ஆகவே சிறு நிறுவனத்துக்குத் தூரத்தைவிடப் பெரிய கேள்வி, நாடா போய்ச் சேரும் அறை எப்படிப்பட்டது என்பது.

நீண்ட காலம் வைக்கும் நாடாவுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் வெப்பம் 16 முதல் 25 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் 20 முதல் 50 விழுக்காடு. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். உரிமையாளர் தம் வீவக வீட்டின் அலமாரியில் தாத்தா நாடாவை வைத்தால் அந்த அளவுகள் இரண்டையும் அது தாண்டிவிடும். முப்பது ஆண்டு தாங்கும் என்று உறையில் அச்சிட்டிருப்பது குளிரூட்டிய, உலர்ந்த அறைக்குச் சொன்ன வாக்கு. குளிர்ந்த சர்வர் அறையிலிருந்து நண்பகலில் வெளியே எடுத்தால் நாடாவில் ஈரம் படியும். திரும்பக் கொண்டுவந்த நாடாவை ஒரு நாள் அந்த அறையின் குளிருக்குப் பழகவிட்டுச் செருகுவது நல்லது. ஓராண்டுக்கு மேல் வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். காலநிலையே குறுகிய தக்கவைப்புக்குச் சாதகமாகப் பேசுகிறது.

வழியில் தொலைவது இன்னொன்று. 2005இல் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் காப்பு நாடாக்கள் கொண்டு செல்லும் வழியில் காணாமல்போனதில் 12 லட்சம் அமெரிக்க அரசு ஊழியர்களின் தகவல்கள் அவற்றோடு போயின. 2007இல் வந்த எல்.டி.ஓ-4 முதல், எழுதும்போதே மறைகுறியாக்கும் வசதி இயந்திரத்துக்குள்ளேயே உண்டு. அதைப் பயன்படுத்தாமல் நாடாவைக் கைப்பையில் எடுத்துச் செல்பவர், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் நியாயமான பாதுகாப்பைத் தரவில்லை. அந்தச் சாவியைப் படி எடுக்கப்பட்ட அதே சர்வரில் மட்டும் வைப்பவரோ, தீ விபத்தன்று தமது நாடாவைத் தாமே படிக்க முடியாமல் நிற்பார். நாடாவுக்கு எத்தனை வயதோ அத்தனை வயது சாவிக்கும் வேண்டும். அட்டவணைகளில் சாவிக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஏழாண்டு என்ற பழக்கம்

டிசம்பர் மாதத் தாத்தா நாடாவை எடுத்து 'ஆண்டு நாடா' என்று எழுதி ஏழு ஆண்டு வைக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. ஏன் ஏழு என்றால் வரிக்கு என்பார்கள். 2007க்கு முந்தைய கணக்குகளுக்கு ஜி.எஸ்.டி. பதிவேடுகளை ஏழாண்டு வைக்க வேண்டியிருந்தது உண்மை. இன்று உள்நாட்டு வருவாய் ஆணையம் கேட்பது ஐந்தாண்டு. நிறுவனச் சட்டம் கணக்குப் புத்தகங்களுக்குக் கேட்பதும் ஐந்தாண்டு. விதி மாறியும் பழக்கம் மாறவில்லை.

எண்ணைத் திருத்துவதோடு விஷயம் முடிவதில்லை. ஒரு பணம் அனுப்பும் நிறுவனத்தின் சர்வரில் என்னென்ன இருக்கும் என்று பாருங்கள். வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு: கள்ளப்பணத் தடுப்பு விதிகளின்படி, தொடர்பு முடிந்து ஐந்தாண்டு. விலகிய ஊழியரின் வேலைப் பதிவு: கடைசி இரண்டு ஆண்டுக்குரியதை, அவர் விலகியபின் ஓராண்டு. ஒப்பந்தங்கள்: வழக்குத் தொடரக் காலவரம்பு ஆறாண்டு என்பதால் அதுவரை. தீபாவளி வாழ்த்து அனுப்பச் சேர்த்த கைப்பேசி எண்கள்: அந்த நோக்கம் முடியும்வரை மட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது. நாடாவோ சர்வர் முழுவதையும் ஒன்றாகச் சுருட்டிக்கொள்கிறது. அதிலுள்ள மிக நீண்ட ஆயுள் எதற்கோ, அதுவே எல்லாவற்றின் ஆயுளும் ஆகிவிடுகிறது. ஒரு வாடிக்கையாளரின் பெயரை மட்டும் நாடாவின் நடுவிலிருந்து எடுக்க வழியில்லை.

சட்டம் இங்கேதான் இடிக்கிறது. 2014 ஜூலை 2 முதல் நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் விதிகளின்படி, திரட்டிய நோக்கம் முடிந்து, சட்டத் தேவையும் வணிகத் தேவையும் இல்லாதபோது, அந்தத் தகவலை வைத்திருப்பதை நிறுத்த வேண்டும். இத்தனை ஆண்டு என்று அந்தச் சட்டம் எண் எதுவும் சொல்லவில்லை. காரணம் காட்டச் சொல்கிறது. 'ஆண்டு நாடாவில் இருக்கிறது, அதனால் வைத்திருக்கிறோம்' என்பது காரணமாகாது. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தைத் துல்லியமாக உறுதிப்படுத்தத் தேவைப்பட்டாலோ தவிர, அடையாள அட்டை எண்ணை நிறுவனங்கள் திரட்டக்கூடாது என்ற வழிகாட்டி வந்தது. அதிர்ஷ்டக் குலுக்கலுக்காக முன்பு சேர்த்த எண்களை நிறுவனங்கள் தம் தரவுத்தளங்களிலிருந்து நீக்கின. ஏழாண்டுப் பழக்கம் உள்ள நிறுவனத்தில் அதே எண்கள் 2018ஆம் ஆண்டு நாடாவில் 2025 வரை அப்படியே கிடந்திருக்கும். தரவு கசிந்து அதனால் கணிசமான தீங்கு நேரக்கூடும் என்றாலோ, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டாலோ மூன்று நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2021 முதல் விதி. தொலைந்த ஒரு பழைய நாடாவில் யார் யாருடைய தகவல் இருந்தது என்று மூன்று நாளில் யார் சொல்வார்?

சரி, சட்டம் கேட்ட ஐந்தாண்டுக் கடமையையாவது ஆண்டு நாடா நிறைவேற்றுகிறதா? அதுவும் ஐயமே. எல்.டி.ஓ இயந்திரங்கள் ஏழாம் தலைமுறை வரை இரண்டு தலைமுறை பின்னோக்கிப் படித்தன. 2017இல் வந்த எட்டாம் தலைமுறை ஏழை மட்டும் படிக்கும், ஆறைப் படிக்காது. 2025இல் வந்த பத்தாம் தலைமுறை முந்தைய எதையுமே படிக்காது. ஆறாம் தலைமுறை நாடாவில் எழுதிவிட்டு எட்டாம் தலைமுறை இயந்திரத்துக்கு மாறிய அலுவலகம், பழைய இயந்திரத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் நாடா இருந்தும் பயனில்லை. இயந்திரம் இருந்தாலும் அந்த ஆண்டின் பேக்கப் மென்பொருள், கணக்கு மென்பொருள், அவற்றின் உரிமங்கள் எல்லாம் வேண்டும். வரி அதிகாரி கேட்பது ஒரு விலைப்பட்டியலை. நாடா தருவது ஒரு பழைய கணினியின் உருவத்தை. அந்த உருவத்தை உயிர்ப்பித்து உள்ளே போய் விலைப்பட்டியலைத் தேடி எடுக்கும் செலவை யாரும் அட்டவணையில் கணக்கிடவில்லை.

காப்பகம் வேறு

எதையும் அழிக்காதே, பின்னால் தேவைப்படும் என்ற எதிர்வாதம் தமிழர்களிடம் எடுபடும். இழந்தவை அதிகம் என்பதால். சிங்கப்பூரில் 1875இல் வெளிவந்த 'சிங்கை வர்த்தமானி' இதழின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. 1887இல் தொடங்கிய 'சிங்கை நேசன்'தான் கிடைப்பவற்றில் மிகப் பழைய சிங்கப்பூர்த் தமிழ் இதழ். ஆனால் அது தப்பியது யாரோ எல்லாவற்றையும் குவித்து வைத்ததால் அல்ல. இது பாதுகாக்கத் தக்கது என்று கருதி நூலகங்கள் சேர்த்து வைத்ததால். 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350 மின்வடிவம் பெற்றபோதும் தன்னார்வலர்கள் நூல்களைத் தேடினார்கள், எழுத்தாளர்களிடம் அனுமதி பெற்றார்கள், பட்டியலிட்டார்கள். தேசிய நூலக வாரியம் பொறுப்பேற்றது. தேர்வு, விவரக்குறிப்பு, காலத்துக்கேற்ப வடிவ மாற்றம், பொறுப்பாளர் என்ற நான்கும் காப்பகத்தின் உயிர். ஆண்டு நாடாவிடம் இந்த நான்கில் ஒன்றும் இல்லை. கோயில் குழுவோ சங்கமோ தன் பழைய புகைப்படங்களை நூறாண்டு வைக்க விரும்பினால், பேக்கப் நாடாவின் ஆயுளைக் கூட்டுவது வழியல்ல. அவற்றைத் தனியே எடுத்துக் காப்பகமாக நடத்துவதே வழி.

எப்படி எழுதலாம்

வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும் ஒரு தேக்காக் கடைக்கு என் பரிந்துரை இது. ஞாயிற்றுக்கிழமை வணிகம் முடிந்ததும், திங்கள் அதிகாலையில் முழுப் படி. மற்ற ஆறு இரவுகளில் நாள் படி; அவற்றை இரண்டு வாரம் வைக்க 12 நாடா. வாரப் படிக்கு 8. மாதப் படியைச் சம்பள நெரிசல் ஓய்ந்தபின் இரண்டாம் வாரத்தில் எடுத்து ஆறு மாதம் வைக்க 6. மொத்தம் 26. பழைய முறையைவிட ஆறு நாடா கூடுதல். ஆனால் ஆண்டு நாடா என்ற ஒன்றே கிடையாது என்பதால் அலமாரி மேலும் வளராது. நாடாவுக்குப் பதில் ஹார்டு டிஸ்கோ கிளவுடோ பயன்படுத்தினாலும் எண்கள் இவையே. ஒரு படி மட்டும் எப்போதும் இணைப்பிலிருந்து விலகி இருக்க வேண்டும்.

சட்டம் கேட்கும் பதிவுகளுக்குத் தனி வழி. ஆண்டுக் கணக்கு முடியும்போது பேரேடு, விலைப்பட்டியல், சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் சரிபார்ப்பு ஆகியவற்றை எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய கோப்புகளாக எடுத்து, வகைக்கொரு தொகுப்பாக, வகைக்கொரு சாவியால் மறைகுறியாக்கி இரண்டு இடங்களில் வைக்கலாம். ஒரு வகையின் காலம் முடிந்ததும் அதன் சாவியை அழித்தால், எந்த ஊடகத்தில் எத்தனை படி இருந்தாலும் அவை படிக்க முடியாதவையாகிவிடும். வழக்கு வரக்கூடும் என்று தெரிந்தால் தொடர்புள்ள நாடாக்களைச் சுழற்சியிலிருந்து நிறுத்தி வைக்கவும், வழக்கு முடிந்ததும் மறுபடி சேர்க்கவும் ஒரு வரி வேண்டும்.

சோதனை இல்லாமல் இவை எல்லாம் நம்பிக்கை மட்டுமே. 2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான தரவுத்தளத்தை அழித்தபோது, அங்கே வைத்திருந்த ஐந்து வகை ஏற்பாடுகளில் ஒன்றும் எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை; ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த படி ஒன்றுதான் காப்பாற்றியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாடாவைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதை எழுதியவர் அல்லாத ஒருவர், வேறொரு கணினியில் மீட்டு, ஒரு விலைப்பட்டியலைத் திறந்து காட்ட வேண்டும். 'பேக்கப் வெற்றி' என்ற இரவுச் செய்தி, எழுதியதற்குச் சான்று. படிக்கலாம் என்பதற்குச் சான்றல்ல.

சுழற்சியைத் தாத்தா–அப்பா–மகனிடம் நம்பி விடலாம். கிழமைகளைத் திருத்திக் கொடுத்தால் அந்த வேலையை அது இன்னும் நெடுநாள் செய்யும். தக்கவைப்பை அதனிடம் விடக்கூடாது. அதை முதலாளியும், கணக்காளரும், சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் நியமித்தாக வேண்டிய தரவுப் பாதுகாப்பு அதிகாரியும் உட்கார்ந்து எழுத வேண்டும். எப்போது அழிப்போம், அழித்ததற்கு யார் கையெழுத்திடுவார் என்ற இரண்டு கட்டங்கள் அந்தத் தாளில் காலியாக இருக்கும்வரை, எத்தனை நாடா வாங்கினாலும் திட்டத்தில் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது.